புரட்டாசி இருபத்தைந்தாம் தேதி விதைப்பு

1

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கேள்வியோடு வந்தாள். "நீங்கள் எல்லாரும் பிறப்பீர்கள் என்று சொன்ன நாளில் பிறந்தீர்களா, முந்தியா, பிந்தியா என்று வீட்டில் கேட்டு வாருங்கள்" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளுக்கு இப்போது ஆறு வயது. கேள்வியை இங்கிலீஷில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். என் மகள் தமிழ் பேசுவது, மழைக்குப் பிறகு நம் கரிசலில் நடப்பது மாதிரி. ஒரு எட்டு வைப்பாள், காலில் ஒட்டியதை உதறுவாள், அப்புறம்தான் அடுத்த எட்டு. கேட்பதும் அப்படித்தான்.

"அம்மா, கதை வேண்டாம். முந்தியா, பிந்தியா?" என்றாள்.

"சொன்ன நாள்தான். ஆனா யாரு சொன்ன நாளுன்னு ஒண்ணு இருக்குல்லா?"

அவள் "சொன்ன நாள்" என்பதை மட்டும் இங்கிலீஷில் இரண்டு சொல்லாக எழுதிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். மிச்சத்தை நான் யாரிடம் சொல்ல? கோவில்பட்டியில் பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது புரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் மில்லில் பிட்டராக இருந்தவர். மெஷின் விற்ற கம்பெனி மூலமாகச் சீமையில் இந்த மில் ஊருக்கு வந்தார். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் நான் பசுவந்தனைக்குப் பக்கத்தில் அவர் வீட்டில்தான் இருந்தேன். இரண்டாவது தடவை லீவில் வந்து, இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். அப்போது உண்டானதுதான் இந்தப் பிள்ளை.

நான் வருவதற்குக் காகிதம் கிடைக்க ஏழாம் மாதம் ஆகிவிட்டது. கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி கேட்டார்கள். பத்திரிகை கொடுத்தோம், போட்டோ கொடுத்தோம். போட்டோவில் நான் ஏன் குனிந்தே இருக்கிறேன் என்று மெட்ராஸ் ஆபீசில் ஒருவர் கேட்டார். நிமிர்ந்திருந்தால்தான் எங்கள் ஊரில் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

வந்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் பேர் பதிய வேண்டும் என்றார்கள். அங்கே ஒரு படிவம். மேசைக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் ஜோன். பிரசவம் பார்க்கிற நர்சம்மா அவர். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எனக்கு அப்போது இங்கிலீஷ் என்றால் 'எஸ்', 'நோ', 'தேங்க்யூ'. என் வீட்டுக்காரர்தான் நடுவில் நின்று சொல்ல வேண்டும்.

"ஏட்டி, கடைசியா எப்பம்னு கேக்காவ" என்றார்.

"என்ன எப்பம்?"

சுவரில் மாட்டியிருந்த ஒரு பூச்சாடிப் படத்தைப் பார்த்தபடி, "அதான். வீட்டுக்குத் தூரம்" என்றார்.

"புரட்டாசி இருபத்தஞ்சு. விதைப்பு அன்னைக்கு."

"நல்லாத் தெரியுமா?"

"சந்தேகம்னா உங்க அம்மைக்கு எழுதிக் கேளுங்க."

அவருக்கு முகம் சிவந்து, படிவத்தில் மடமடவென்று எழுதித் தள்ளிவிட்டார். அன்னிய மனுஷியின் முன்னால் பொண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது? எப்படியாவது அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. வீட்டு விலாசம் எழுதும்போதுதான் மூச்சே விட்டார்.

நான் அந்தத் தேதியை மறக்கவே முடியாது. அந்த வருஷம் மழை வருகிற மாதிரி வந்து போய்க்கொண்டே இருந்தது. "மேகத்துக்கு நம்ம ஊரு விலாசம் தெரியும், கதவத் தட்டத்தான் கூச்சம்" என்று என் மாமனார் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு நல்ல மழை விழுந்தது. இரண்டு நாள் காயவிட்டு, புரட்டாசி இருபத்தைந்து திங்கட்கிழமை விதைப்பு என்று முடிவாயிற்று. பருத்திக்கொட்டையைச் சாணிப்பாலில் பிசறிக் காயவைத்ததே நான்தான். விடிந்து பார்த்தால் எனக்குத் தூரம். மாமியாரிடம் போய் நின்றேன்.

"சரியாப் போச்சு. ஏட்டி, நீ விதைப்பெட்டிப் பக்கம் வராத. வீட்டுல கெட. காக்காய வெரட்டு" என்றாள்.

ஊரே புஞ்சையில் இருக்க, நான் மட்டும் ஆளில்லாத தெருவில் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரை நூறு தடவை பார்த்திருப்பேன். 25 என்ற எண்ணின் வளைவுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

3

இங்கே வாரம் தவறாமல் வயிற்றை டேப் வைத்து அளப்பார்கள். தையல்காரர் வைத்திருக்கிற அதே டேப்தான். முதல் தடவை அளந்துவிட்டு சிஸ்டர் ஜோன் என் தேதி எழுதிய அட்டையைப் பார்த்தார், மறுபடி அளந்தார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் உயரமான ஆள். பேசும்போது உதடு மட்டும் அசையும். அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு இவர் என்னிடம், "வளர்த்தி கொஞ்சம் மட்டுங்காவ" என்றார்.

"மட்டுன்னா?"

"தேதிக்குத் தக்கன வயிறு இல்லையாம். ரெண்டு வாரம் பின்தங்கி நிக்காம்."

மழை தப்பிய வருஷத்தில் கம்பு எப்படி நிற்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். சாண் உயரத்தில் கதிர் தள்ளிவிடும். மேலே போகாது, சாகவும் செய்யாது. நான் இங்கே வந்து குளிரில் உட்கார்ந்து வயிற்றுப் பிள்ளையை அப்படிக் குறுக்கிவிட்டேனோ என்று நினைத்தேன். ஊருக்கு எழுதவில்லை. எழுதினால் அங்கே நாலு பேர் சாப்பிடமாட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது தீவனம் வைக்கிற வேலை. காலையில் ஒரு பாட்டில் பால், சாயந்தரம் ஒரு பாட்டில். ஆட்டு ஈரல் வாரம் மூன்று நாள். இவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் விழுங்குகிறேனா என்று தொண்டையைப் பார்ப்பார்.

"இப்படிப் பாத்தா எப்படிங்க எறங்கும்?"

"நான் உன்னையா பாக்கேன்? தம்ளரப் பாக்கேன்."

எவ்வளவு தின்றாலும் டேப் அந்த இரண்டு வாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வயிறு வளர்ந்தது; அட்டையும் அதே வேகத்தில் முன்னால் ஓடியது. ஜூன் பாதியில் டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். உள்ளே இருந்து வளராத பிள்ளை வெளியே வந்தாவது வளரட்டும். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை வந்து படுத்துக்கொள்ள வேண்டும். ஊசி மருந்து ஏற்றி வலி வரவழைப்போம். வராவிட்டால் வயிற்றைக் கிழித்து எடுப்போம்.

பஸ்ஸில் வரும்போது இவர் கிழிப்பது என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். ஆனால் டாக்டர் விரலால் தன் சட்டை மேல் கோடு போட்டுக் காட்டியதை நான் பார்த்திருந்தேன்.

4

வெள்ளிக்கிழமை தோறும் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு மறுபடி ஒரு வகுப்பு, அதுவும் பிள்ளை பெறுவதற்கு. தரையில் விரிப்பு, தலைக்கு ஒரு தலையணை. பத்துப் பெண்கள் வரிசையாகப் படுத்து மூச்சு விடுவோம். நாய் இளைக்கிற மாதிரி ஒரு மூச்சு, மெழுகுவர்த்தியை அணைக்காமல் ஊதுகிற மாதிரி ஒரு மூச்சு. எங்கள் ஊரில் கேட்டால், "மூச்சு விடவுமா சொல்லிக் குடுக்காவ?" என்பார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்து வர வேண்டிய சாமான் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் கம்பளிச் சட்டை பின்னிவைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு நூல்கூடப் புதிதாக வாங்கக் கூடாது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். சிஸ்டர் ஜோன் என் பையைத் திறந்து அந்தத் துணியைத் தடவிப் பார்த்தார். எத்தனை தடவை துவைத்தது என்று சைகையில் கேட்டார். இரண்டு கையையும் விரித்து விரித்துக் காட்டினேன். அவர் பட்டியலில் 'துணி' என்ற இடத்தில் டிக் அடித்தார்.

பொம்மையைக் குளிப்பாட்டுகிற வகுப்பில்தான் எனக்கு மரியாதை வந்தது. ஒவ்வொருவரும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத் தொட்டித் தண்ணீரில் பிடிக்க வேண்டும். சோப்பு போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பாம் என்று ஒரு சின்னப் பெண், பத்தொன்பது வயதிருக்கும், பொம்மையை மூன்று தடவை முக்கிவிட்டாள். என் முறை வந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, பொம்மையைக் குப்புற முழங்காலுக்குக் கீழே போட்டு, சொம்பு இல்லாததால் ஒரு குவளையில் மோந்து ஊற்றினேன். முதுகைத் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு, குண்டியில் ஒரு தட்டும் தட்டினேன். ஊரில் நாலு வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பழக்க தோஷம்.

தரையெல்லாம் தண்ணீர். பிறகு பாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். அவள் பொம்மையும் விழவில்லை. சிஸ்டர் ஜோன் தரையைத் துடைக்க ஆள் கூப்பிட்டுவிட்டு, இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

கடைசி வகுப்புக்கு முந்தின வகுப்பில் புருஷமாரும் வர வேண்டும். ஊசிக்குச் சொன்ன திங்கட்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இவர் வந்து சுவரோரம் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சிஸ்டர் ஜோன் ஒரு அட்டைச் சக்கரம் காட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டம், ஓரத்தில் தேதிகள். உள் வட்டத்தைத் திருப்பினால் பிள்ளை எந்த நாளில் பிறக்கும் என்று அம்புக்குறி காட்டும். என்னையே உதாரணமாக வைத்துத் திருப்பினார். இவர் என் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதான் நீ சொன்ன தேதி. இதுல இருந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பிள்ளை உண்டாகுமாம். அது இங்கன வருது. அக்டோபர்..."

அதோடு நிறுத்திவிட்டார். சிஸ்டர் பேசிக்கொண்டே போனார். இவர் வாய் திறக்கவில்லை. வீடு வரும் வரைக்கும் திறக்கவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றை, ஊசியைவிட மோசமான ஒன்றை அந்தச் சக்கரத்தில் பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

5

மறுநாள் சனிக்கிழமை. நான் எழுந்து வரும்போது இவர் அடுப்படி மேசையில் போன வருஷத்துப் பஞ்சாபிக் கடைக் காலண்டரை விரித்து, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, நான் மெட்ராஸ்ல வந்து எறங்குனது என்னைக்கு?"

"எதுக்கு?"

"சொல்லு."

"ஐப்பசி ஒண்ணு. மாசப் பொறப்பு அன்னைக்கு வாரான்னு அத்தை பணியாரம் சுட்டாவ."

"அக்டோபர் பதினெட்டு" என்று சொல்லி ஒரு வட்டம் போட்டார். "அந்தம்மா சக்கரத்துப்படி பாத்தா பிள்ளை உண்டானது அக்டோபர் ஒம்பது, பத்துல. அன்னைக்கு நான் இங்கன மில்லுல மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு நிக்கேன்."

கையில் இருந்த பால் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்னையச் சொல்லுதீங்களா?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்டேன் என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கூறு கெட்டவளே, ஒன்னைய எதுக்குச் சொல்லுதேன்? சக்கரத்தைச் சொல்லுதேன். அது தப்புன்னு எப்படி அந்தம்மாட்ட சொல்லுததுன்னுதான் நேத்துல இருந்து மண்டையைப் போட்டு ஒடச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அவர் பாட்டுக்குக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க்காரர் அப்படித்தான். பெரிய விஷயத்தை ஒரு வசவில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "விதைப்பு முடிஞ்சு சரியா ஒரு வாரத்துல வந்தீங்க. மொளை விட்டிருந்துச்சு. நீங்க பெட்டிய வச்சதும் புஞ்சைக்குத்தான் போனீங்க."

"ஒரு வாரமா? செப்டம்பர் இருபத்தஞ்சுக்கும் அக்டோபர் பதினெட்டுக்கும் ஒரு வாரமா? மூணு வாரம்லா வருது."

"செப்டம்பரா? யாரு செப்டம்பர் சொன்னது? நான் புரட்டாசில்லா சொன்னேன்."

"புரட்டாசின்னா செப்டம்பர்தான? சித்திரை ஏப்ரல், வைகாசி மே, ஆனி ஜூன்னு வாத்தியார் பெரம்ப வச்சுக்கிட்டுல்லா படிக்கச் சொன்னாரு."

"மாசத்தை மாத்துனீங்க. தேதிய ஏன் மாத்தல?"

பென்சில் அவர் கையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. ஐப்பசி ஒன்று அக்டோபர் பதினெட்டு என்றால் முப்பத்தொரு நாள் புரட்டாசியில் இருபத்தைந்து என்ன தேதி என்று விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணினார். பதினெட்டு, பதினேழு, பதினாறு. பதினொன்றில் வந்து நின்றார். அக்டோபர் பதினொன்று. எழுதிக் கொடுத்ததற்கும் இதற்கும் பதினாறு நாள் வித்தியாசம். டேப் இத்தனை வாரமாகக் காட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரம்.

பிள்ளை குறுகவில்லை. அது அதன் நாளுக்குச் சரியாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் அதன் வயதைக் கூட்டிச் சொல்லி ஊரைக் கூட்டியிருக்கிறோம்.

"அப்பம் அந்த ஈரல் எல்லாம்?" என்றேன்.

"போனது போகட்டும்" என்றார். குனிந்து பென்சிலைத் தேடினார்.

6

ஆனால் அட்டையில் எழுதியது எழுதியதுதான். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில், ஊசிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே, போய் நின்றோம். சிஸ்டர் ஜோன் கேட்டார், தலையை ஆட்டினார், நம்பினார் என்றுதான் தோன்றியது. ஆனால் தேதியைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. பெரிய டாக்டர்தான் திருத்தலாம். டாக்டர் வந்தார். எங்கள் மாதம் உங்கள் மாதத்தின் பாதியில் பிறக்கும் என்று இவர் விரலால் மேசையில் கோடு போட்டு விளக்கினார். டாக்டர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஊசி என்றதும் பல தாய்மார்களுக்குத் தேதி மாறிப்போவது வழக்கம் என்றார்.

இவர் கோட்டுப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். மெட்ராஸ் விமான நிலையத்து முத்திரை உள்ள பக்கத்தைத் திறந்து டாக்டர் முன்னால் வைத்தார். பிறகு இவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்கு வீட்டில் வந்துதான் தமிழில் சொன்னார்: "ஐயா, இது நான் என் நாட்டில் இறங்கிய நாள். உங்கள் அட்டைப்படி பார்த்தால், இந்தப் பிள்ளையை நான் அதற்கு முன்னாடியே தபாலில் அனுப்பியிருக்க வேண்டும்."

சிஸ்டர் ஜோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. முத்திரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், சக்கரத்தை வாங்கித் தானே திருப்பினார். பிறகு என்னைப் படுக்கச் சொல்லி டேப்பை எடுத்து அளந்தார். அதே வயிறு, அதே டேப். சிவப்பு மையால் தேதியை அடித்து மேலே புதிதாக எழுதினார். அதற்குக் கீழே, வளர்த்தி குறைவு என்று எழுதியிருந்ததையும் ஒரே கோடாக அடித்தார். இருபத்தேழாம் தேதிப் படுக்கை ரத்து. ஜூலை பதினெட்டு வரைக்கும் இனி அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். இரண்டு பஸ்ஸை விட்டோம். வயிற்றுக்குள்ளே பிள்ளை மட்டும் உதைத்துக்கொண்டு கிடந்தது. அது பயந்து உதைக்கிறதோ, இடம் போதாமல் உதைக்கிறதோ என்று முந்தின நாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் அது சும்மா உதைக்கிறது என்று நினைத்தேன்.

7

வலி தானாகவே வந்தது. யாரும் வரவழைக்கவில்லை. சொன்னபடி ஜூலை பதினெட்டாம் தேதி காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நாய் மூச்சும் மெழுகுவர்த்தி மூச்சும் எங்கே போயிற்றோ, எனக்கு வந்தது "யம்மா" என்ற ஒரே மூச்சுதான். சிஸ்டர் ஜோன் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கையை இரண்டு நாள் துணி சுற்றிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி.

பெண் பிள்ளை. துடைத்து, தராசில் கிடத்தினார். இவரை உள்ளே விட்டிருந்தார்கள். முள் ஆடி ஆடி நின்றது. ஏழு பவுண்டு இரண்டு அவுன்ஸ் என்று சிஸ்டர் வாசித்து, எழுதப் போனார்.

இவர் கையைத் தூக்கித் தடுத்தார். "இன்னொரு தடவை" என்றார்.

சிஸ்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இவர் பருத்தி போடுகிற வீட்டுப் பிள்ளை. கோவில்பட்டிக் கமிஷன் மண்டியில் என் மாமனார் எந்த மூடையையும் ஒரு தடவை நிறுத்து விட்டதே இல்லை. இறக்கச் சொல்லி, தட்டைத் துடைக்கச் சொல்லி, மறுபடி ஏற்றச் சொல்லுவார். கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே, "அண்ணாச்சி வந்துட்டாவ, ரெண்டு தடவை தூக்கணும்லே" என்பார்கள்.

"என்னங்க இது, விடுங்க. அவிய சிரிக்காவ" என்றேன், படுத்தபடியே.

அவர் விடவில்லை. சிஸ்டர் ஜோன் பிள்ளையைத் தூக்கி, தட்டை ஒரு தடவை துடைத்து, மறுபடி கிடத்தினார். பிள்ளை காலை உதைத்துக் கத்தியது. முள் நிற்கவே இல்லை. ஏழு பவுண்டு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடினால் அப்படித்தான் காட்டும், ஒரே எடைதான் என்று சிஸ்டர் சொன்னார்.

இவர் என் பக்கம் திரும்பினார். இரண்டு மாதமாக அந்த முகத்தில் இருந்த இறுக்கம் போன இடம் தெரியவில்லை.

"பாத்தியாட்டி," என்றார். "அதுக்குள்ள கூடிருக்கு."